ஒன்பதாவது அடி

காலை ஐந்தரை, மைனஸ் இருபத்தாறு.
சட்பரியில் ஐஸ் அரங்கின் பின்கதவைத் திறப்பது என் வேலை.
பனித்தளத்தைச் சீவித் தண்ணீர் பூசும் வண்டியை
பத்து நிமிடம் வளைத்து வளைத்து ஓட்டுவேன்.
பிறகு மிரேய் வருவாள்.
பதினான்கு வயது. இடக் கையுறையில் ஒரு விரல் ஓட்டை.

அவளுடைய இசை ஒற்றை வயலின்.
காய்ச்சல் விட்டவர் எழுந்து
சுவரைப் பிடித்து நடப்பதுபோல் தொடங்கும்.
அப்புறம் வேகம் ஏறும்.
எங்கே ஏறுகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.
அடுப்படியிலேயே நின்றாலும்
பால் பொங்கிய பிறகுதானே தெரிகிறது.

அந்த இடத்தில் எம்புவாள்.
விழுவாள்.
பயிற்சியாளர் ஒக்சானா பொத்தானை அழுத்துவார்.
முதலிலிருந்து.

ஐப்பசியில் தொடங்கி மாசி முடியும்வரை
அதன் முடிவை நான் கேட்டதேயில்லை.

பங்குனியில் மிரேயின் அப்பாவுக்குத் திமின்ஸில் சுரங்க வேலை கிடைத்தது.
கோடையில் ஒக்சானா மகளோடு இருக்க எட்மண்டன் போனார்.
கேட்டிருக்கலாம்.
தினமும் கேட்பதன் பெயரை யார் கேட்கிறார்கள்.

இரண்டு வருடம் கழித்து
பனிக்கால டயர் மாற்றிக்கொண்டிருந்தேன்.
இறுகியிருந்த நட்டு மெல்ல இளகி
விரல் நுனியில் தானாகச் சுழலத் தொடங்கியபோது
வந்துவிட்டது, பாதி மட்டும்.

என் முணுமுணுப்பைக் கேட்ட கைபேசி
பற்பசை விளம்பரம் என்றது.

பிராம்ப்டனில் மிருதங்கம் சொல்லித்தரும் மைத்துனர் ஞானசீலன்
போனை ஸ்பீக்கரில் போட்டார்.
“இது காலம் இரட்டிக்கிற விஷயமில்லை அத்தான், வெறும் அவசரம்.
எங்க, திருப்பித் தட்டுங்கோ.”
தட்டினேன்.
“எட்டு வடிவா வருகுது. கடைசிச் சுத்தில ஒண்டு கூட நிக்குது.
ஒன்பது. உங்கட கை பிழைக்குது.”

கை பிழைக்கவில்லை.
அந்த அடி இல்லாவிட்டால் அது அதுவே இல்லை.

எல்ம் தெருவில் வயலின் பழுதுபார்க்கும் பாலிந்த்
விரலெல்லாம் பசை.
மெதுவாய்த் தொடங்கி வேகமாய் முடிவதா?
எங்கள் ஊர்க் கல்யாணங்களில் எல்லாமே அப்படித்தான்,
நடுவில் இருப்பதைக் கொடு, என்றார்.
கொடுத்தேன். முனகினேன், கௌண்டரில் தட்டினேன்,
ஒன்பதாவதுக்கு உள்ளங்கையால் அறைந்தேன்.

“அது என்ன?”
“பாட்டில் வருவது.”
“எந்தப் பாட்டிலும் வராது. வில்லுக்கு அப்படிச் சத்தம் போடத் தெரியாது.”

யாரோ கொடுத்துவிட்டுப் போன வயலினை எடுத்து வாசித்தார்.
அதேதான்.
சுவரைப் பிடித்த நடை, பால், பொங்கல்,
எட்டு, எட்டு, எட்டு,
வில் அந்த இடத்தைச் சும்மா தாண்டிப் போனது.
என் கை மட்டும் பலகையில் விழுந்தது.

பதினான்கு வயது இடுப்பெலும்பு
பனிக்கட்டியில் மோதுகிற சத்தம்.

அத்தனை விடியலும்
அதையும் தாளமாய் எண்ணியிருக்கிறேன்.
அவள் விழுந்த பள்ளத்தை வண்டியால் சீவி,
வெந்நீர் பூசி மெழுகி,
வலிக்கிறதா என்று ஒரு தரம் கேட்காமல்.

பாலிந்த் நிறுத்தவில்லை.
முடிவு ஒன்றும் பெரிதாக இல்லை.
இரண்டு இழுப்பு. தீர்ந்தது.
ரசீதின் பின்னால் பெயரை எழுதித் தந்தார்,
அவர் மொழியில், சில எழுத்துகளின் தலையில் புள்ளி.
எங்களிடமும் புள்ளி வைத்த எழுத்து உண்டு,
அதற்கு உடம்பு என்றும் ஓர் அர்த்தம், என்றேன்.
அவருக்கு அடுத்த ஆள் காத்திருந்தார்.

காரில் ஹீட்டர் சூடாகும்வரை
ஸ்டியரிங்கில் எட்டு எட்டாய்த் தட்டிப் பார்த்தேன்.
கடைசிச் சுற்றில் கை தானாக எழும்பி
அப்படியே நின்றது,
கீழே இறக்க
இடம் தெரியாமல்.